பல்லால் கடித்த ஈயம்

மே 8, திங்கள்

நாப்பது பக்க நோட்டு ஒண்ணைக் கையில குடுத்து, "தினமும் எழுதிட்டு வாங்க விண்ணரசி"ன்னு சொல்லிட்டாக பெரியாஸ்பத்திரி டாக்டர் மேடம். என் மக ஜெர்ஷா காலையில எந்திரிச்சதில இருந்து ராத்திரி படுக்கிற வரை என்ன சாப்பிட்டா, எதைத் தொட்டா, எதை வாயில வச்சா, எத்தனை வார்த்தை பேசினா, எல்லாத்தையும் எழுதணுமாம். "உங்களுக்கு முக்கியம் இல்லன்னு தோணுறதையும் எழுதுங்க"ன்னாக.

சரி, எழுதுதேன். பன்னெண்டாம் வகுப்பு வரை படிச்சவ நான். ஜெனோவா மாதிரி எட்டோட நிறுத்தினவ இல்ல. ஜெனோவான்னா என் ஓர்ப்படியா, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. அவ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில ஒரே சுவருதான்.

ஜெர்ஷாவுக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சு. ரெண்டரை வயசில பேச்சுன்னா பேச்சு, அப்படிப் பேசுவா. அருள்நிறை மரியே செபத்தை ஒரு வார்த்தை விடாம சொல்லுவா. ஃபாதரே தூக்கி வச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்லுவாக. அப்போ ஜெனோவா மக அபினா, இவளைவிடப் பதினோரு நாள் இளையவ, மூலையில உக்காந்து மண்ணைத் தின்னுக்கிட்டு இருப்பா. அம்மாங்கிறதைத் தவிர ஒரு சொல் வராது. இப்போ எல்லாம் தலைகீழ். அவ வாய் ஓய மாட்டேங்குது. இவ பேச்சு ஒவ்வொண்ணாப் போயிருச்சு. அம்மா, தண்ணி, வேண்டாம். மூணுதான் மிச்சம்.

கண்ணு. வேற ஒண்ணும் இல்ல. டாக்டர் மேடம் படிச்சா சிரிப்பாக, சிரிச்சுக்கிடட்டும். என் பிள்ளை பேசுதப்போ எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பெருமூச்சு விட்டவ யாரு? எனக்குத் தெரியாதா?

மே 9, செவ்வாய்

காலை: ரெண்டு இட்லி, சீனி தொட்டு. மதியம்: சோறு, சாளைக் குழம்பு. மூணு வாய் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துட்டா. வெளிக்குப் போய் நாலு நாள் ஆச்சு.

வாயில வச்சது: விரல், என் முந்தானை, பல்பம்.

பேச்சு: தண்ணி. ரெண்டு தடவை.

நான்: வேலை. பிறகு துணி துவைச்சேன், வேலை பாத்த இடத்தைத் தூத்தேன்.

மே 11, வியாழன்

கொச்சியில இருந்து அவுக போன் பண்ணினாக. இங்க மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில கிடக்கு, அதனால அந்தப் பக்கம் போட்டில ஏறியிருக்காக. "பிள்ளைகிட்ட குடுட்டி"ன்னாக. குடுத்தேன். போனைக் காதில வச்சுக்கிட்டு சும்மா நின்னா. அவுக அங்கிருந்து "ஜெர்ஷாம்மா, ஜெர்ஷாம்மா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாக. போனை வாங்கி, டவர் கிடைக்கலன்னு சொல்லிட்டேன்.

மே 14, ஞாயிறு

இன்னைக்கு எழுதாம விட்டா எனக்கு உறக்கம் வராது.

பிள்ளைகள் பூசை. மைக்கைப் பிடிச்சு அபினா நிக்கா. மஞ்சப் பாவாடை, தலை நிறைய பிச்சிப்பூ. அருள்நிறை மரியேயைத் தொடங்கி முடிக்கிற வரை எங்கேயும் தட்டல. அதே செபம். என் மக சொன்ன செபம். பின்னால இருந்த பொம்பளைக "யம்மா, ஜெனோவா மக என்னமாச் சொல்லுதா"ங்காளுவ. என் மடியில ஜெர்ஷா பெஞ்சு விளிம்பை நக்கிக்கிட்டு இருக்கா. எனக்கு வயிறு எரிஞ்சது. கோயில்ல உக்காந்துக்கிட்டு, மாதா முகத்தைப் பாத்துக்கிட்டே, அந்தப் பிள்ளை நடுவில மறந்து போய் முழிக்கணும்னு வேண்டினேன். முழிக்கல.

வெளிய வந்ததும் ஜெனோவா தோளில கையைப் போட்டு, "ஏட்டி விண்ணு, ஜெர்ஷாவும் சொல்லுவா பாத்துக்கோ, அபினாவும் முந்தி இப்படித்தான இருந்தா"ன்னா. ஆறுதலாம்! வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சிட்டு ஆறுதலாம். மதியம் முருங்கைக்கீரைப் பொரியல் குடுத்துவிட்டா. கோழிக்குப் போட்டேன்.

உப்பும் மிளகாயும் எடுத்து ஜெர்ஷாவுக்குச் சுத்தி அடுப்பில போட்டேன். நெடியே வரல. ஒரு தும்மல்கூட இல்ல. நெடி வரலன்னா கண்ணுன்னு அர்த்தம்.

சாயந்தரம் வேலைக்கு உக்காந்தேன். வலைக்கு ஈயக்குண்டு செய்யுத வேலை. பழைய பேட்டரித் தகட்டை இரும்புச் சட்டியில போட்டு உருக்கி, அச்சில ஊத்தினா குண்டு விழும். ஒவ்வொரு குண்டும் வாய் பிளந்து இருக்கும். வலைக்கயித்தை அந்த வாய்க்குள்ள விட்டு நெரிச்சா இறுகிக்கிடும். குறடு வச்சும் நெரிக்கலாம், ஆனா நம்ம கடற்கரையில எல்லாரும் பல்லால கடிச்சுத்தான் இறுக்குவோம். அதுதான் வேகம்.

இதுல என் மக கெட்டிக்காரி. சொல்லாமலே பக்கத்தில வந்து உக்காந்துக்கிடுவா. கயித்தை எடுத்து, குண்டை வச்சு, ஒரே கடி. நச்சுன்னு இறுகும். அபினாவுக்கு மைக்கில பேசத்தான் தெரியும், இது வருமா?

வாயில வச்சது: ஈயக்குண்டு நூத்தி இருபது. ஒண்ணுகூட முழுங்கல.

மே 17, புதன்

இன்னைக்கு ‘வேண்டாம்’ சொல்லல.

மே 18, வியாழன்

இன்னைக்கும் சொல்லல. மருந்தை நீட்டினேன், தலையை மட்டும் திருப்பிக்கிட்டா. "வேண்டாம்னு சொல்லுட்டி, சொல்லு"ன்னு உலுக்கிட்டேன். அழுதா. அடிச்சும் போட்டேன். அடிச்ச பிறகு நானும் உக்காந்து அழுதேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அபினா ஒண்ணு ரெண்டு சொல்லிக்கிட்டு இருந்தா. அம்பது வரைக்கும் போனா. நானும் கூடவே எண்ணினேன், எங்கேயாவது தப்பாதான்னு.

மே 22, திங்கள்

ஆஸ்பத்திரி. மேடம் நோட்டை வாங்கி, ‘வாயில வச்சது’ங்கிற வரியை மட்டும் விரல் வச்சுத் தேடித் தேடிப் படிச்சாக. ஜெனோவாவைப் பத்தி எழுதினதையெல்லாம் தாண்டிப் போயிட்டாக. நல்லதாப் போச்சு.

மே 14-ல விரல் நின்னு போச்சு. ரெண்டு தடவை படிச்சாக.

"இது ஈயமா விண்ணரசி? உண்மையான ஈயமா?"

"ஆமா மேடம். பேட்டரியில இருந்து எடுக்கிறது."

"வீட்டுக்குள்ளயா உருக்குறீங்க?"

"பின்னால அடுக்களையில. சன்னல் இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

அவுக பேனாவை மூடி வச்சுட்டு ஜெர்ஷாவைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாக. பிறகு ரத்தம் எடுக்க எழுதிக் குடுத்தாக. நான் ஏதோ ரத்தசோகைக்குத்தான்னு நினைச்சேன். ரிசல்ட் சென்னையில இருந்து வரணுமாம். அது வரை ஈயத்தைத் தொடக்கூடாதுன்னு சொன்னாக.

தொடாம எப்படி? தடைக்காலம் முடிய மூணு வாரம்தான் இருக்கு, எல்லா வலைக்கும் இப்பதான் குண்டு மாத்துவாக. ஜெர்ஷாவை முன்வீட்டில விட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு ஊத்துதேன்.

ஜூன் 5, திங்கள்

ரத்தத்தில ஈயம் முப்பத்தெட்டு.

எவ்வளவு இருக்கணும் மேடம்னு கேட்டேன். "இருக்கவே கூடாது"ன்னாக.

அவுக சொன்னதை அப்படியே எழுதுதேன், பிறகு மறந்துருவேன். ஈயம் உருகும்போது வர்ற புகையும், ஆறின பிறகு தரையில படியுற தூசியும் பிள்ளைக்குள்ள போகுது. விரல் வழியா, என் முந்தானை வழியா. கடிச்சது போதாதுன்னு. பெரியவங்க உடம்புக்குள்ள நிக்கிறதைவிடப் பிள்ளைக உடம்புல அதிகமா நிக்கும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் போக வேண்டிய வழியில இது போய் உக்காந்துக்கிடும். நாலஞ்சு வயசு வரை மூளை வேகமா வளர்ற காலம். பேச்சு, கவனம், படிப்பு எல்லாம் அப்போதான் உருவாகுது. அங்க இது கைவைக்குது. வயித்து வலியும் இதனாலதானாம். நான் என்னமோ கிரிமின்னு நினைச்சு வேப்பங்கொழுந்து குடுத்துக்கிட்டு இருந்தேன்.

"போன வார்த்தை திரும்பி வருமா மேடம்?"

"கொஞ்சம் வரலாம். பயிற்சி குடுப்போம். எல்லாம் வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இனிமே போகாம பாத்துக்கலாம்."

நான் அழல. அவுக எழுதிக் குடுத்ததை மடிச்சு வச்சேன். ஈயம் வீட்டுல இருக்கக்கூடாது. தூத்துப் பெருக்காம ஈரத்துணியால துடைக்கணும். வேலை பாத்த சேலையைத் தனியா வைக்கணும். முட்டை, கீரை, பால், நெல்லிக்காய். சாப்பிடுமுன்ன கை கழுவணும்.

எந்திரிக்கும்போது கேட்டாக. "இந்த வேலை உங்களுக்கு முன்ன யார் வீட்டுல நடந்தது? அங்க சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"தெரியாது மேடம்"னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைச்சேன். இந்த நோட்டு என் கையில இருக்கும்போதே மறைச்சேன்.

ஜூன் 6, செவ்வாய்

முட்டை ஒண்ணு, பால், முருங்கைக்கீரை. ஜெனோவா வீட்டு முருங்கைதான். கேக்காமப் பறிச்சேன்.

அவுக போன் பண்ணினாக. பிள்ளைக்கு ரத்தம் கொஞ்சம் குறைவாம்னு மட்டும் சொன்னேன்.

துடைச்சுக்கிட்டே யோசிச்சேன். இந்த வேலை ரெண்டு வருஷம் ஜெனோவா வீட்டுல இருந்தது. அந்த ரெண்டு வருஷமும் அபினா மண்ணைத் தின்னா, வயித்தைப் பிடிச்சா, பேசல. போன வருஷம் மே மாசம் வேலை என் வீட்டுக்கு வந்தது. தீபாவளி வாக்கில அபினா பேச ஆரம்பிச்சா. கிறிஸ்மஸுக்கு என் மக குடில் முன்ன நின்னு பாடல.

கண்ணும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல.

வேலை எப்படி என் வீட்டுக்கு வந்ததுங்கிறது டாக்டருக்கு எதுக்கு? அது மருந்துக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்.

ஜூன் 7, புதன்

வலைக்கடை தாசன் அண்ணாச்சி வந்தாரு. "பிள்ளையைப் பாக்கணும், எனக்கு நேரம் இல்ல"ன்னு மட்டும் சொன்னேன். "அதுக்கென்னம்மா, பழையபடி ஜெனோவாகிட்டயே குடுத்துருதேன்"னாரு.

நான் ஒண்ணும் சொல்லல.

ஜூன் 8, வியாழன்

அச்சும் கரண்டியும் கேட்டு ஜெனோவா வந்தா. குடுத்துட்டேன்.

ஜூன் 10, சனி

நானா கூப்பிட்டுக் குடுத்தேன்? அவதானே சிரிச்சுக்கிட்டே வந்து கேட்டா. "இந்த வேலை போனப்போ எவ்வளவு அழுதேன் தெரியுமாட்டி"ன்னா. தெரியும். நல்லாத் தெரியும்.

ரெண்டு நாளா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து புகை வருது. சன்னலைச் சாக்கு வச்சு அடைச்சேன். ஜெர்ஷாவைப் பின்பக்கம் விடாம முன்வீட்டிலேயே வச்சிருக்கேன்.

உள்ளதை எழுதுதேன். ஒரு ஆறு மாசம் போதும்னு நினைச்சேன். ஆறு மாசம் போனா அந்தப் பிள்ளையும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கும். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். கோயில்ல எவளும் எவளையும் பாத்துப் பேச மாட்டா. இப்படி நினைச்சதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்தது. இருந்ததுன்னு எழுதுதேனே, இந்தக் கையில புண்ணு வரட்டும்.

ஜூன் 12, திங்கள்

புண்ணு வந்துருச்சு. வலது கை ஆள்காட்டி விரல். இடது கையால பிடிச்சுக்கிட்டு எழுதுதேன், எழுத்து கோணலாத்தான் இருக்கும்.

காலையில பத்து மணி இருக்கும். அபினா எங்க வாசலுக்கு வந்து உக்காந்தா. கையில கயிறு, மடியில குண்டு. ஜெர்ஷா ஓடிப்போய் பக்கத்தில உக்காந்தா. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு நிக்கேன்.

"சித்தி, இங்க பாருங்க, நான் ஜெர்ஷாவைவிட வேகமாக் கடிப்பேன்!"

நச்சு. நச்சு. நச்சு. என் மகளுக்குப் பொறுக்குமா? அவளும் ஒரு குண்டை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டு போறா.

அரிசிச் சட்டியைப் போட்டுட்டு ஓடினேன். ஜெர்ஷா கையைத் தட்டிவிட்டேன். அபினா தாடையைப் பிடிச்சு வாய்க்குள்ள விரலை விட்டேன். அது பயந்து போய் ஒரு கடி கடிச்சது பாருங்க! நகத்துக்குக் கீழ கிழிஞ்சு ரத்தம். நான் விரலை எடுக்கல. குண்டு வெளிய விழுந்த பிறகுதான் எடுத்தேன்.

அபினா கத்தின கத்துல ஜெனோவா ஓடி வந்தா. "பிள்ளையை என்னட்டி பண்ணுத, மூதேவி!"

"அக்கா, ஈயம் விஷம். பிள்ளைக மூளைக்குள்ள போகும். அதான் ஜெர்ஷா பேச்சு போச்சு."

"வேலை என்கிட்ட வந்த வயித்தெரிச்சல்ல சொல்லுத நீ. வேண்டாம்னு நீதான விட்ட? இப்ப எரியுதோ?"

எனக்கு வயித்தெரிச்சல் இல்லன்னு எந்த வாயால சொல்ல? உள்ள போய் ரிசல்ட் தாளை எடுத்துக் குடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிச்சா. மேடம் சொன்னதை ஒண்ணு விடாம சொன்னேன். பேசப்பேச அவ முகத்தில ரத்தம் வத்திப் போச்சு.

"அபினா ரெண்டு வருஷம் என் மடியில கிடந்துதான குண்டு கடிச்சா"ன்னா. "பல்லு முளைச்ச புதுசுல, கடிக்க ஏதாவது வேணும்னு நானே கையில குடுத்தேன்ட்டி."

அப்படியே வாசல்ல உக்காந்துட்டா. தாளை மறுபடி புரட்டிப் பாத்து, "என்னைக்கு ரிசல்ட் வந்தது?"ன்னு கேட்டா.

"அஞ்சாந்தேதி."

"எட்டாந்தேதியில நான் வந்து அச்சு கேட்டேன்."

"ஆமாக்கா."

அவ எந்திரிச்சு அபினா வாயைக் கொப்பளிக்க வச்சா. எங்க வீட்டுத் தண்ணியிலதான். பிறகு ரெண்டு பேருமா ஈயச் சாக்கையும் அச்சையும் தூக்கிட்டுப் போய்த் தாசன் அண்ணாச்சி கடை வாசல்ல போட்டோம். "காலங்காலமா நம்ம ஊர்ல செய்யுறதுதானம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"ன்னாரு. ஜெனோவா ஜெர்ஷாவைத் தூக்கி அவரு மேசை மேல உக்கார வச்சா. "இவகிட்ட பேரு என்னன்னு கேளுங்க அண்ணாச்சி"ன்னா. அவரு கேட்டாரு. அந்த நேரம் எனக்குச் செத்துப் போகலாம்போல இருந்தது. அண்ணாச்சி சாக்கை உள்ள இழுத்துப் போட்டாரு. "இனி எந்த வீட்டுக்கு இதைக் குடுத்தாலும் நான் அங்க போய்ச் சொல்லுவேன்"னுட்டு வந்தா ஜெனோவா.

திரும்பி வந்து என் விரல்ல மஞ்சப்பொடி வச்சுக் கட்டிவிட்டா. முகத்தைப் பாக்கல, ஆனா நல்லாக் கட்டினா.

அப்பவும் நான் அதைச் சொல்லல. இங்கதான் எழுதுதேன். போன வருஷம் மே மாசம், அண்ணாச்சி கடைக்குப் போக வேண்டிய அவ சாக்கு வாசல்ல இருந்தது. அவ குளிக்கப் போயிருந்தா. வாய் மூடிப்போன குண்டு, ஓட்டை விழுந்த குண்டு, உடைஞ்சதுன்னு அவ கழிச்சு வச்சிருந்ததை ரெண்டு கை அள்ளி அந்தச் சாக்கில போட்டேன். மூணு வாரம் தொடர்ந்து போட்டேன். அண்ணாச்சி அவளைத் திட்டி வேலையை நிறுத்தினாரு. நான் போய் நின்னேன். வீட்டுல உக்காந்து நாலு பேரு மதிக்கிற மாதிரி ஒரு வேலை, அது அவளுக்கு மட்டும் எதுக்குன்னு தோணிச்சு. அவ்வளவுதான் காரணம். அள்ளி எடுத்துட்டு வந்து என் பிள்ளை வாயில வச்சேன்.

ஜூன் 19, திங்கள்

அபினாவுக்கும் ரத்தம் எடுத்தாக. "முன்ன தெரியாதுன்னு சொன்னீங்களே"ன்னு மேடம் கேட்டாக. "பொய் சொன்னேன் மேடம்"னேன். தலையை ஆட்டிட்டு அடுத்த தாளை எடுத்தாக.

ஜூலை 3, திங்கள்

வேண்டாம்!

முட்டையைத் தட்டிவிட்டுட்டுச் சொன்னா. "வேண்டாம்." தட்டு உடைஞ்சது. உடையட்டும்.

ஜூலை 16, ஞாயிறு

கொச்சியில இருந்து அவுக வந்துட்டாக. எல்லாம் சொன்னேன், சாக்கைத் தவிர. கொல்லையில போய் ரொம்ப நேரம் நின்னாக. பிறகு அடுக்களைத் தரையைப் பேத்துப் புதுசா சிமெண்டு போட்டாக.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சில இருந்து எழுதுதேன். பக்கத்தில ஜெனோவா. கீழ ரெண்டு பிள்ளைகளும் உக்காந்து மருந்துப் பெட்டியை அடுக்கி விளையாடுதுக. ஜெர்ஷாவுக்கு இப்போ ஒன்பது வார்த்தை. ஒன்பதாவது, அபி.

மறுபடி ரத்தம் எடுத்திருந்தாக, சித்த முன்னதான் ரெண்டு ரிசல்ட்டும் கைக்கு வந்தது. முதல்ல நான் யார் தாளைப் பாத்தேன்னு சொல்லணுமா? அபினா தாளைத்தான். பதினேழு. அதுக்குப் பிறகுதான் என் மக தாளைப் பாத்தேன். இருபத்தொம்பது. முப்பத்தெட்டில இருந்து இறங்கியிருக்கு, மாதாவுக்கு நன்றி. ஆனா பதினேழு, இருபத்தொம்பது. இதிலயும் அவ மகதான் முந்தி. பாத்ததும் வயித்துக்குள்ள அதே பழைய எரிச்சல் எந்திரிச்சது. போயிருச்சுன்னு நினைச்சேன், போகல.

ஜெனோவாவைத் திரும்பிப் பாத்தேன். அவ ஜெர்ஷா தாளைப் பாத்துக்கிட்டு இருந்தா. "ஒன்பது இறங்கியிருக்குட்டி"ன்னு என் கையைப் பிடிச்சு அழுதா. அவ மகளுக்கு இன்னும் பதினேழு இருக்குன்னு பிறகுதான் அழுதா.

மேடம் இன்னைக்கு நோட்டை வாங்கி வச்சுக்கிடுவாக. எங்க டோக்கன் நாப்பத்தாறு. இப்ப முப்பத்தொண்ணு போகுது. "எப்பப் பாத்தாலும் எழுதிக்கிட்டே இருக்கியே, என்னைப் பத்தியும் எழுதியிருக்கியாட்டி?"ன்னு எட்டிப் பாத்துச் சிரிக்கா.

எழுதியிருக்கேன் அக்கா. முதல் பக்கத்திலேயே எட்டாம் வகுப்புன்னு எழுதியிருக்கேன். கீரையைக் கோழிக்குப் போட்டதை எழுதியிருக்கேன். ஜூன் பத்தாந்தேதியை நீ மெதுவாத்தான் படிப்ப. பன்னெண்டாந்தேதியில கடைசிப் பத்திக்கு வரும்போது நான் இந்தப் பெஞ்சை விட்டு எந்திரிக்க மாட்டேன். அடிக்கணும்னா எல்லார் முன்னாலயும் அடி. பிள்ளைகளை மட்டும் பிரிச்சு வச்சுராத.

இன்னும் பதினஞ்சு பேரு இருக்காக. எழுத்துக்கூட்டிப் படிச்சாலும் முடிச்சுரலாம்.

இந்தா, படி.